இடுப்பில் வைத்த கை

ஹாலியாவுக்கு ஆறு வயது. அந்த ஏப்ரல் மாதம் முழுக்க அவளுடைய அம்மா டார்க்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கையை இடுப்பிலிருந்து எடுக்கக் கூடாது.

ஆட்டத்துக்கு அது வேண்டியதுதான். உக்ரேனிய ஆட்டத்தில் பெண்பிள்ளைகளின் கால் என்ன பாடுபட்டாலும் கை இடுப்பில் இருக்கும், தாடை நிமிர்ந்திருக்கும், முகம் சிரித்திருக்கும். ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற லெஸ்யா டீச்சர் அக்டோபரிலிருந்து இதையே கத்திக்கொண்டிருந்தாள். டார்க்கா சொன்னதற்குக் காரணம் வேறு. சாப்பாட்டு மேஜையிலோ, மாட்டுக்கொட்டகையிலோ, மாதாகோயிலில் பூசை நடக்கும்போதோ குழந்தையின் விரல் தலைப்பக்கம் போனால் போதும், "கை எங்க இருக்கணும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். பிள்ளை சட்டென்று இடுப்பில் வைத்துக்கொள்ளும். கூடவே சிரிக்கவும் செய்யும். இரண்டும் சேர்ந்தே பழகிவிட்டது. கோயிலில் பார்த்தவர்கள் இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளையா என்று டார்க்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

பிள்ளை தலையில் பேன் இருந்தது. குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளின் கம்பளித் தொப்பியும் ஒரே மூலையில் குவிந்து கிடக்கும். எது யாருடையது என்று பார்த்து மாட்டிக்கொள்கிற வயதா அது? அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய கொட்டகை தீப்பிடித்தால் அடுத்த வாரமே ஊர் மரமும் ஆணியுமாக வந்து நிற்கும். ஒருத்தியின் புருஷன் படுத்துவிட்டால் அறுவடையையே செய்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பேன் என்றால் மட்டும் யாரும் வர மாட்டார்கள். போனில் பேசிக்கொள்வார்கள், அதுவும் அடுத்தவர்களிடம். லெஸ்யா டீச்சர் வேறு வருஷ ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தாள்: தலையில் ஊர்வது இருந்தால் மேடைப்படியில் கால் வைக்கக் கூடாது.

விஷயம் அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த வருஷம் உடுப்புப் பொறுப்பு டார்க்காவுடையது. சின்னப் பிள்ளைகளின் பூமுடிகள் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் அவள் வீட்டில்தான் இருந்தன. துணிப்பூ வைத்துத் தைத்து, பின்னால் இடுப்புக்குக் கீழே வரை ரிப்பன் தொங்கவிட்ட பூமுடிகள். வளையம் இறுக்குகிறதா, ரிப்பன் நீளம் சரியா என்று பார்க்க ஒரு தலை வேண்டும். வீட்டில் இருந்தது ஹாலியாவின் தலை. ஒரு சனிக்கிழமை மதியம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் அவள் தலையில் மாட்டி, குண்டூசி குத்தி, கழற்றி, திரும்பப் பெட்டியில் போட்டாள். பிள்ளையும் அசையாமல் ஒத்துழைத்தது. திங்கட்கிழமை தலை வாரும்போதுதான் காதுக்குப் பின்னால் ஈர் கண்ணில் பட்டது. டார்க்கா நிமிர்ந்து முதலில் பார்த்தது அலமாரி மேல் இருந்த பெட்டியைத்தான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெளித் தாழ்வாரத்தில் வைத்தாள். ஜனவரிக் குளிராக இருந்தால் அங்கே வைத்த எதுவும் உயிரோடு இருக்காது. ஆனால் அந்த வாரம் பார்த்து வெயில் அடித்தது. கூரைப்பனி உருகி ஓயாமல் சொட்டியது, முற்றம் முழங்கால் சேறு ஆனது. எப்போது கரையும் என்று ஊரே ஏங்கிக்கொண்டிருந்த பனியை இவள் ஒருத்தி மட்டும் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலைக்கு மண்ணெண்ணெய் தேய்த்துத் துண்டு கட்டினாள். சோப்புப் போட்டு அலசினாலும் வாசனை போகவில்லை. போகாவிட்டால் என்ன, எல்லார் வீட்டிலும் டிராக்டர் வாசனையும் மாட்டு வாசனையும் அடிக்கிற மாதம் அது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பேன் குறைந்தது. ஈர் போகவில்லை.

போனை எடுத்து டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ரொட்டி கைவிட்டுப் போய்விடும்.

ரொட்டி என்றால், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர் ஹாலில் நடக்கிற ஆட்ட நிகழ்ச்சியின் முதல் காட்சி. திரை விலகியதும் ஒரே ஒரு சின்னப் பிள்ளை, பூவேலைத் துண்டின் மேல் ரொட்டியும் உப்பும் ஏந்தி முன்னால் வந்து, பாட்டன்மார் கடல் கடந்து கொண்டுவந்த உக்ரேனிய மொழியில் சபையை வரவேற்று நாலு வரி சொல்லும். அந்த வருஷம் அது ஹாலியா. நாலு வயது வரை பேசாத பிள்ளை அது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் யார் கேட்டாலும் தரையைப் பார்க்கும். ஊரில் எல்லாரும் "பாவம்" என்றார்கள். ஏச்சைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் "பாவம்" டார்க்காவை உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. திரை விலகி, தன் பிள்ளை வாயைத் திறந்து, அந்த நாலு வரியை ஊர் கேட்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பிள்ளையின் வாயைத் திறக்கவைத்ததும் ஊர்க்காரர்கள் இல்லை. ஆட்டத்தில் ஹாலியாவுக்கு ஜோடியாக வந்த ரோண்டா. அவளுடைய அப்பா எங்கள் ஆட்களில் கோஸ்தினியுக் வீட்டுப் பையன், எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வடக்கே போனவன் போனவன்தான். அம்மா டெல்மா, ஏரிக்கரைப் பக்கத்து க்ரீ என்கிற பழங்குடி இனத்துப் பெண், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறாள். அப்பன் விட்டுவிட்டுப் போனாலும் அவன் வீட்டு ஆட்டம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று டெல்மாதான் கொண்டுவந்து சேர்த்தாள். ரோண்டா லொடலொட என்று பேசுகிறவள். ஒரு வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஹாலியாவின் முகத்தைப் பார்ப்பாள். மீதியை ஹாலியா சொல்வாள். அப்படித்தான் அது பேச ஆரம்பித்தது. அதைக் கேட்டுத்தான் டீச்சர் ரொட்டியை அவளிடம் கொடுத்தாள்.

கடைசி ஒத்திகை நிகழ்ச்சிக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம். பிள்ளைகள் மேடையில் குதிக்க, பெண்கள் மேடைக்கு எதிரே நீள மேஜை போட்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பெரோகி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வட்டமாக வெட்டிய மாவுக்குள் உருளைக்கிழங்கு மசியலை வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே போவது. கை வேலையில் இருந்தால் வாய் சும்மா இருக்குமா? யார் வீட்டில் எத்தனை கன்று பிழைத்தது, யார் மகன் நகரத்திலிருந்து யாரைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. பவ்லீனா என்கிற குண்டுப் பெண்ணுக்கு யாரையாவது சீண்டாமல் பொழுது போகாது.

"டெல்மா, உங்க பக்கத்துல இதுக்குள்ள என்ன வெப்பீங்க, மான்கறியா?"

"வெச்சா நீ மூணாவது தடவ தட்டை நீட்டுவ," என்றாள் டெல்மா, கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேஜையே சிரித்தது. பவ்லீனாவும் சிரித்தாள். டார்க்காவும் சிரித்தாள், ஆனால் அவளுடைய கண் மேடையிலேயே இருந்தது. டீச்சர் அட்டைப்பெட்டியைத் திறந்து, பூமுடிகளை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் தலையில் கட்டிக்கொண்டிருந்தாள். ஹாலியாவுக்குக் கட்டியாகிவிட்டது. அது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தது. அடுத்தது ரோண்டா.

டீச்சரின் கை நின்றது. மஞ்சள் ரிப்பன் ஒன்றில் ஏதோ ஒட்டியிருந்தது, அதைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ரோண்டாவின் பூமுடியை இரண்டே விரலால் கழற்றி, குப்பைப் பையில் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டாள். 

"ரோண்டா, நீ கீழ இறங்கி உக்காரு கண்ணு. உனக்குப் பேன் இருக்கு," என்றாள். குரலில் அவ்வளவு சர்க்கரை, அவ்வளவு சத்தம். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் தானாக விலகின. டெல்மா மாவுக்கையோடு எழுந்து மேடைப் பக்கம் போனாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

"உங்க தப்புன்னு சொல்லல டெல்மா. உங்க வீட்டுக்கு யார் யார் வந்து போறாங்களோ, பாவம், நீங்களும் வேலைக்குப் போறவங்க. சுத்தம் பண்ணிட்டு அடுத்த வருஷம் வரட்டும்," என்றாள் டீச்சர்.

"பூமுடி பெட்டியிலேருந்துதான வந்துச்சு? வேற யார் தலையையும் பாக்கலையே," என்றாள் டெல்மா.

 அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. டெல்மா திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து டார்க்காவிடம் நின்றாள். "நீதான உடுப்புக்குப் பொறுப்பு. நீ பாரு. பிரிச்சு நல்லாப் பாரு."

டார்க்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். ரோண்டாவின் கறுப்புத் தலைமுடியைப் பிரித்தாள். உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால் என்று வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டே போனாள். சோப்பு வாசனை அடிக்கிற சுத்தமான தலை. ஒரு ஈர்கூட இல்லை. இருக்காதா, ஒன்றே ஒன்று இருந்துவிடாதா என்று தன் விரல்கள் தேடுவதை அவளே உணர்ந்தாள். ஆறு வயதுப் பிள்ளை தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருந்தது.

"வெளிச்சம் பத்தல," என்றாள் டார்க்கா. "சரியாத் தெரியல."

டீச்சர் பெருமூச்சு விட்டாள். டெல்மா மகளுக்குக் கோட்டு மாட்டினாள். போகிற வழியில் ஹாலியாவிடம் குனிந்து, நல்லாச் சொல்லணும் சரியா என்று தலையைத் தடவினாள். தடவிய கை ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு நிமிர்ந்து, டார்க்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனாள்.

பிக்கப் வண்டியில் வீடு திரும்பும்போது ஹாலியா கேட்டது: "ரோண்டாவுக்கும் என்ன மாதிரியே இருக்காம்மா?"

டார்க்கா சாலையைப் பார்த்தாள். "கை எங்க இருக்கணும்?" என்றாள். பிள்ளை கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தது.

மறுநாள் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. புருஷன் ஓரெஸ்ட்டும் அவளும் கன்றின் காலில் சங்கிலி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது ஹாலில் நடந்ததை அவனிடம் சொன்னாள். மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியபோதே அவனுக்குப் பாதி தெரியும். கன்று வழுக்கி விழுந்து மூச்சு விட்டது. பிறகு வைக்கோலால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பிள்ளதான நம்ம பிள்ளைக்கு வாயக் குடுத்துச்சு," என்றான். நான் சொன்னால் ரொட்டியை யார் தூக்குவார்கள் என்று அவள் சீறினாள்.  எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதன் அவன். அன்றைக்கு அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பிள்ளையை ஓரெஸ்ட்டிடம் விட்டுவிட்டு, முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டி வேகவைத்த பாத்திரத்தோடு டெல்மா வீட்டுக்குப் போனாள். தானியக் கிடங்குக்குப் பின்னால் இருந்த வாடகை வீடு. ரோண்டா தரையில் உட்கார்ந்து சீட்டுக்கட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை இழுத்துப் பின்னியிருந்தது. ஹாலியா வரலையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி சீட்டில் குனிந்தாள். டெல்மா காப்பி ஊற்றி வைத்தாள். டார்க்கா அதைத் தொடவில்லை. 

"எம் பொண்ணு தலையிலேருந்துதான் வந்துச்சு," என்றாள் கடைசியில். "பூமுடி எல்லாத்தையும் அவ தலையில வெச்சுத்தான் அளவு பாத்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அவ தலையத் தடவுனேன்ல, மண்ணெண்ண. எங்கம்மாவ சின்ன வயசுல எங்க ஜனத்துப் பிள்ளைங்க எல்லாரையும் மாதிரி கவர்மெண்டு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் புடிச்சுட்டுப் போனாங்கல்ல, மொத நாளே முடிய வெட்டி இததான் ஊத்துனாங்களாம். எங்க வீட்ல லாந்தர்கூட ஏத்த விட மாட்டா. அந்த வாசன எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டெல்மா."

டெல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் சொல்லி யாரு கேப்பா? பாக்கச் சொன்னேன்ல. பாத்தல்ல நீ."

டார்க்கா மேஜையைப் பார்த்தாள். மன்னிச்சுக்கோ என்று சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள். டெல்மா பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி, அவள் பக்கம் தள்ளினாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எம் பொண்ணு தலையில ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க ஹால்ல இருக்காங்க. அங்க போய்ச் சொல்லு. உங்க டீச்சர் எவ்வளவு சத்தமாச் சொன்னாங்களோ அவ்வளவு சத்தமாச் சொல்லு. இதையும் எடுத்துட்டுப் போ. இன்னைக்கு எங்க வீட்ல சமைச்சாச்சு."

சொல்லிவிடுவது என்றுதான் டார்க்கா ஹாலுக்குப் போனாள். சொன்னாள் என்பதும் உண்மை.

மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் அறை சந்தைக்கடையாக இருந்தது. பூட்ஸ் ஜோடி சேரவில்லை, ஒரு பிள்ளை அழுதது, கீழே வெங்காயம் வெண்ணெயில் வதங்குகிற வாசனை மேலே வரை வந்தது. டார்க்கா டீச்சரின் பக்கத்தில் போய் நின்று சொன்னாள். வாயிலிருந்து வந்தது முணுமுணுப்புதான். ஆனாலும் அங்கிருந்த அம்மாக்கள் எல்லார் காதிலும் விழுந்தது. வேண்டியதைச் சொல்லட்டும், பிள்ளையின் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கட்டும் என்று தயாராகத்தான் நின்றாள்.

டீச்சர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"அட, இதுக்கா இப்படி வெளுத்துப் போய் நிக்கிற? பிள்ளைங்கன்னா வர்றதுதான. ஒரு துணியத் தலையில கட்டி, அதுக்கு மேல பூமுடிய வெச்சாப் போச்சு."

பவ்லீனா தன் மகளும் செவ்வாய்க்கிழமையிலிருந்து சொறிந்துகொண்டுதான் இருக்கிறாள் என்றாள். இன்னொருத்தி தன் வீட்டில் மூன்று பேருக்கும் என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. யாரோ டார்க்காவின் தோளை அணைத்து, உனக்கு எவ்வளவு தைரியம், நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்றாள். அவள் ஏச்சு வாங்க வந்திருந்தாள். கிடைத்தது பாராட்டு.

"ரோண்டா தலையில ஒண்ணுமே இல்ல," என்றாள் டார்க்கா. "நான் பாத்தேன். அன்னைக்கே தெரியும்."

"சரி சரி, அடுத்த வாரம் போன் பண்ணி டெல்மாகிட்டச் சொல்லிக்கலாம்," என்று டீச்சர் ஹாலியாவின் தலையில் துணியைக் கட்ட ஆரம்பித்தாள். இழுத்துக் கட்டி, பூமுடி வைத்து, கன்னத்தைத் தட்டினாள். ஒரு துணியில் முடிகிற காரியமாக இருந்தது அது. அந்தத் துணி வியாழக்கிழமையும் இந்த ஹாலில்தான் இருந்தது. அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை, அப்படித் தோன்றாமல் போனதே என்று இப்போதும் யாரும் நினைக்கவில்லை. டார்க்காவுக்கு மட்டும் தோன்றி என்ன பிரயோஜனம்?

திரை விலகியது. ஹாலியா ரொட்டியோடு தனியாக வந்து நின்றது.  பிள்ளை வாயைத் திறந்து நாலு வரியையும் தெளிவாக, ஒரு தடுமாற்றம் இல்லாமல், கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. சபை கைதட்டலில் அதிர்ந்தது. ஓரெஸ்ட் வெட்கமில்லாமல் அழுதான். ஆட்டத்தில் மற்றப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகச் சுற்றிவர, ஜோடி இல்லாத ஹாலியாவை டீச்சர் நடுவில் தனியாக ஆடவிட்டிருந்தாள். அதுதான் எல்லாவற்றிலும் அழகு என்று பக்கத்தில் இருந்தவள் டார்க்காவின் காதில் சொன்னாள். எத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டிருந்த காட்சி. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, வெறும் கூச்சம்.

நிகழ்ச்சி முடிந்ததும் நன்றி சொல்வது வழக்கம். சமையல் செய்தவர்கள், பியானோ வாசித்தவர் என்று ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, கமிட்டித் தலைவர் ஒரு ஜெரேனியப் பூந்தொட்டியைக் கொடுத்தார். கடைசியில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "இந்த வருஷம் நம்ம பிள்ளைங்க தலையையெல்லாம் ரொம்ப அக்கறையாப் பாத்துக்கிட்ட டார்க்கா," என்றார்.

அதற்குள் செய்தி ஹால் முழுக்கப் போயிருந்தது. அன்பான சிரிப்பு ஒன்று எழுந்தது. அவள் மேடை ஏறும்போதே கைதட்ட ஆரம்பித்தவர்கள் எழுந்து நின்றார்கள். வேறு யாருக்கும் எழுந்து நிற்கவில்லை. நாங்கள் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை என்று எல்லாரும் சேர்ந்து காட்டினார்கள். தலைவர் தொட்டியை ஒரு கையில் கொடுத்து, மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

ஊர் முழுக்க எதிரே இருந்தது. ரோண்டாவைக் கீழே இறக்கியதைப் பார்த்த ஒருவர் பாக்கியில்லாமல் இருந்தார்கள். சொல்ல வேண்டியது ஒரு வரி. அந்தப் பிள்ளை தலையில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரிந்தே பொய் சொன்னேன். அந்த வரி அவள் நாக்கு வரை வந்தது. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அடங்கியது. எல்லா முகமும் சிரித்துக்கொண்டு அவளையே பார்த்தன. அவள் முகமும் தானாகச் சிரித்துவிட்டது.

"ரொம்ப நன்றி," என்றாள்.

நல்ல மைக் அது. ஹால் முழுக்கக் கேட்டது.